மூன்று எழுத்தில் மூன்று தலைமுறை

 

நம் பெயர்களுக்கு முன்னால் நிற்கும் இனிஷியலைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் எழுதினார். அது ரேஷன் அட்டைக்கு வந்தது. பிறகு பாஸ்போர்ட்டிலும் ஏறியது. ஆனால் அந்த ஒற்றை எழுத்துக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் பசித்திருந்திருக்கிறார், உழைத்திருக்கிறார், தம் மக்களுக்காகக் கையேந்தி துஆச் செய்திருக்கிறார். அவருடைய உழைப்பின் மிச்சத்தில்தான் இன்று நாம் வாழ்ந்து கொண்டிருக்கிறோம்.

ஏ.பி.ஜே. அப்துல் கலாம் என்ற பெயரை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. ஆனால் அந்த மூன்று எழுத்துக்கும் விரிவு கேட்டால் பெரியவர்களும் சற்றுத் தயங்குவார்கள். அவுல், பக்கீர், ஜைனுலாப்தீன் என்பவை அவை. அவுல் என்பவர் கலாமின் பாட்டனாருடைய தந்தை, பக்கீர் பாட்டனார், ஜைனுலாப்தீன் தந்தை. இந்திய நாட்டின் பதினோராவது குடியரசுத் தலைவராக 2002 முதல் 2007 வரை அவர் இருந்த காலத்தில், அரசாணைகளிலும் அழைப்பிதழ்களிலும் இராமேசுவரத் தீவின் மூன்று தலைமுறைப் பெரியவர்களும் கூடவே அமர்ந்திருந்தார்கள் என்றால் அது மிகையன்று!

அம்மூவருள் கடைசியானவராகிய ஜனாப் ஜைனுலாப்தீன் அவர்கள் 102 ஆண்டுகள் வாழ்ந்தவர். பெரிய படிப்போ செல்வமோ இல்லாத அந்தச் சிற்றூர்ப் பெரியவரின் வாழ்வையும் குடும்பத்தையும் இம்மாதம் சற்றே பின்தொடர்ந்து பார்ப்போம். அதன் வழியே நம் வீட்டுப் பெரியவர்களிடம் போய்ச் சேர வேண்டும் என்பதே என் விருப்பம்.

மலைக்கோட்டை நிழலில் ஒரு மாணவர்

நம் திருச்சிக்கும் அக்குடும்பத்துக்கும் தொடர்புண்டு. 1950ஆம் ஆண்டு, இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்த இளைஞர் அப்துல் கலாம் திருச்சிக்கு வந்து தூய வளனார் கல்லூரியில் சேர்ந்தார். 1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883இல் திருச்சிக்கு இடம் பெயர்ந்த கல்லூரி அது. மலைக்கோட்டைக்கும் தெப்பக்குளத்துக்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நம் ஜமால் முகம்மது கல்லூரி அதற்கு அடுத்த ஆண்டு, 1951இல்தான் தொடங்கப்பட்டது.

கலாம் விடுதியில் தங்கிப் படித்தார். அறையில் மூவர். ஒருவர் திருவரங்கத்தைச் சேர்ந்த ஆசாரமான ஐயங்கார் வீட்டுப் பிள்ளை, மற்றொருவர் கேரளத்துச் சிரியன் கிறித்தவர், மூன்றாமவர் இவர். மூன்று சமயத்தவரும் ஓர் அறையில் இணக்கமாக வாழ்ந்த நாள்களைக் கலாம் தம் வாழ்க்கை வரலாற்றில் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். 1954இல் இயற்பியல் பட்டத்துடன் திருச்சியை விட்டுச் சென்றார்.

பிள்ளை இங்கே படித்துக் கொண்டிருந்தபோது அங்கே தீவில் தந்தைக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மூத்த சகோதரர்களில் முஸ்தபா கமால் இரயிலடிச் சாலையில் மளிகைக் கடை வைத்திருந்தார். காசிம் முகம்மது சங்கு, சிப்பிப் பொருள்கள் விற்கும் சிறு கடை நடத்தினார். ஊருக்கு வரும் கல்லூரி மாணவரை, "சற்றுப் பார்த்துக்கொள்" என்று கடையில் உட்கார வைத்துவிட்டு அண்ணன்மார் வெளியே போய்விடுவார்களாம். பட்டப் படிப்புப் படிக்கிற தம்பியும் கடையில் உட்கார்ந்து எண்ணெயும் வெங்காயமும் விற்றார். ஒரு குடும்பம் ஒருவரைப் படிக்க வைப்பது இப்படித்தான்.

தோணியும் பாலமும்

ஜைனுலாப்தீன் அவர்களின் முன்னோர் ஒரு காலத்தில் வசதியாக வாழ்ந்த மரைக்காயர்கள். தீவுக்கும் நிலப்பகுதிக்கும் இடையிலும், இலங்கைக்கும் சரக்கு ஏற்றி இறக்கியவர்கள். இராமேசுவரம் வரும் யாத்திரிகர்களைத் தோணியில் கடல் கடத்தியவர்கள். நிலபுலமும் இருந்தது. மரக்கலம் இயக்குபவர் என்ற பெயரே மரைக்காயர் ஆயிற்று என்பது அக்குடும்பத்தார் வழி வந்த விளக்கம். மரக்கலத்தைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. இவ்விரு விளக்கங்களும் மரக்கலத்தோடு தொடர்புடையவை.

1914ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பாம்பன் கடற்பாலத்தில் இரயில் ஓடத் தொடங்கியது. நாட்டுக்கு அது பெருமை. யாத்திரிகர்களுக்கு அது வசதி. தோணிக்காரர்களுக்கு? கடல் கடத்திக் கூலி பெற்றவர்களின் கையிலிருந்த தொழிலை இரயில் எடுத்துக் கொண்டது. குடும்பத்தின் சொத்து நாளடைவில் கரைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டிய பூர்வீக வீடு மட்டும் பள்ளிவாசல் தெருவில் எஞ்சி நின்றது. அப்போது ஜைனுலாப்தீன் நடுவயதை எட்டியிருந்தார்.

ஒரு பாலம் திறந்ததால் ஒரு குடும்பம் தாழ்ந்த செய்தி எந்தக் கல்வெட்டிலும் இருக்காது. பாலத்தின் வரலாற்றைப் பொறியாளர்கள் எழுதுவார்கள். தோணிக்காரரின் வரலாற்றை அவர் பேரப்பிள்ளைகள் எழுதினால்தான் உண்டு. அரசர்களுக்கு இந்தக் குறை கிடையாது. நம் நத்ஹர் வலி தர்காவில் அடங்கியிருக்கும் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா, 1795இல் மறைவதற்கு முன்பே தம் குடும்ப வரலாற்றைப் புர்ஹான் என்ற அறிஞரைக் கொண்டு பாரசீக மொழியில் 'துஜுக்கே வாலாஜாஹி' என்று எழுதச் செய்துவிட்டார். அந்நூலைப் பேராசிரியர் முகம்மது ஹுசைன் நயினார் ஆங்கிலத்தில் பெயர்க்க, சென்னைப் பல்கலைக்கழகம் 1930களில் வெளியிட்டது. நவாபுக்கு வரலாற்றாசிரியர் இருந்தார். தோணிக்காரருக்கு மகனின் இனிஷியல்தான் இருந்தது!

நூறாண்டு வாழ்ந்தவரின் ஒரு நாள்

வைகறை நான்கு மணிக்கு எழுவார். தொழுகை முடிந்ததும் ஏறத்தாழ நான்கு மைல் தொலைவிலிருந்த தம் சிறிய தென்னந்தோப்புக்கு நடந்து போவார். பத்துப் பன்னிரண்டு தேங்காய்களைக் கட்டித் தோளில் போட்டுக் கொண்டு திரும்புவார். அதன்பின்தான் காலை உணவு. அறுபதைத் தாண்டி எழுபதை நெருங்கிய வயதிலும் இவ்வழக்கம் மாறவில்லை என்கிறார் மகன். நீண்ட ஆயுளுக்கு மருந்து தேடுவோர் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்!

பள்ளிவாசலில் இமாமத்துச் செய்தார். தொழுது விட்டு வெளியே வரும்போது, கிண்ணங்களில் நீரேந்தி மக்கள் காத்திருப்பார்கள். அவர் விரல் நனைத்து துஆ ஓதித் தருவார். நோயாளிகளுக்கு எடுத்துச் செல்வார்கள். குணமடைந்தவர் நன்றி சொல்ல வந்தால், அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துங்கள் என்று புன்னகையோடு திருப்பி அனுப்புவார். தம்மிடம் வந்த புகழைத் தம்மிடம் தங்கவிடாத பக்குவம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

கோயில் குருக்கள் பட்சி இலட்சுமண சாஸ்திரிகள் அவருடைய உற்ற நண்பர். இருவரும் தத்தம் சமயத்துக்குரிய உடையோடு அமர்ந்து இறைநெறி பற்றி உரையாடியது கலாமின் முதல் நினைவுகளில் ஒன்று. ஆண்டுதோறும் நடக்கும் சீதா இராம கல்யாண விழாவுக்குக் குளத்தின் நடுவே சென்று வரும் படகுகளை இக்குடும்பத்தார் ஏற்பாடு செய்து தருவார்கள். தம் தீனில் உறுதியாக நின்று கொண்டே அண்டை வீட்டாரின் நன்மை தீமைகளில் பங்கு கொள்ளும் பண்பு, நம் தமிழ் மண்ணில் பெரியவர்கள் வாழ்ந்து காட்டிய பாடம்.

கலாம் ஆறு வயதுச் சிறுவராக இருந்தபோது தந்தை மீண்டும் ஒரு படகு கட்டினார். இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்வதற்கு. உறவினர் அகமது ஜலாலுதீன் துணை நின்றார். பின்னாளில் அவரே கலாமின் சகோதரி சோஹராவை மணந்தார். ஒரு முறை பாலத்தினால் இழந்தவர், அறுபதைத் தாண்டிய வயதில் மறுபடியும் உளியும் மரமுமாகக் கடற்கரையில் நின்றார்! இளமையிலேயே மனம் ஒடிந்து போகும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

நாடு விடுதலை பெற்ற 1947ஐ ஒட்டி அவர் இராமேசுவரம் பஞ்சாயத்து போர்டுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்நாள்களில் ஒரு மாலை, அவர் பள்ளிவாசலுக்குப் போயிருந்த வேளையில் யாரோ ஒருவர் வந்து, தாம்பாளத்தில் பட்டும் பழமும் இனிப்புமாக அன்பளிப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போனார். படித்துக் கொண்டிருந்த சிறுவர் கலாம் தடுக்கவில்லை. திரும்பி வந்த தந்தை கடுங்கோபம் கொண்டு மகனை அடித்துவிட்டார். பிறகு அணைத்துக் கொண்டு, பதவியில் இருப்பவருக்கு வரும் அன்பளிப்பின் பின்னால் ஒரு நோக்கம் ஒளிந்திருக்கும் என்பதை மார்க்க ஆதாரத்துடன் எடுத்துச் சொன்னார். குடியரசுத் தலைவர் மாளிகை வரை சென்ற அம்மகன் இந்நிகழ்ச்சியை மேடைதோறும் சொல்லி வந்தார். தந்தை விட்டுச் சென்ற சொத்தில் இதுவும் ஒன்று.

விட்டுச் சென்றது என்ன?

கலாம் ராக்கெட் பணியில் மூழ்கியிருந்த 1970களில் ஜைனுலாப்தீன் அவர்கள் இறையழைப்பை ஏற்றார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது 102. பிறைக் கணக்கில் எண்ணினால் 105 ஆண்டுகள் ஆகும். பதினைந்து பேரப் பிள்ளைகளும் ஒரு கொள்ளுப் பேரனும் அன்று இருந்தனர். மூத்த மகன் முத்து மீரா மரைக்காயர் 2016 நவம்பரில் நூறு வயது நிறைந்து, 2021 மார்ச்சில் தம் 104ஆம் வயதில் மறைந்தார். இளைய மகன் கலாமோ 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மறைந்து, ஜூலை 30இல் சொந்தத் தீவின் பேய்க்கரும்பு மண்ணில் நல்லடக்கம் செய்யப்பட்டார். பதினைந்து ஆண்டுகள் மூத்த அண்ணன் தம்பியின் ஜனாஸாவைக் காண வேண்டியதாயிற்று. நீண்ட ஆயுளில் இத்தகைய துயரங்களும் அடங்கியிருக்கின்றன.

இங்கே ஒரு நாயகத் தோழரை நினைவு கூர்வோம். ஹழ்ரத் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் பத்து வயதில் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் பணிவிடைக்கு வந்தவர்கள். அவர்களின் அன்னை உம்மு சுலைம் (ரலி) கேட்டுக் கொண்டதற்கிணங்க, செல்வமும் மக்களும் பெருகப் பெருமானார் துஆச் செய்தார்கள். அந்த துஆ பலித்தது. ஹிஜ்ரி 90ஐ ஒட்டிப் பஸ்ராவில் மறையும்போது அவர்களுக்கு வயது நூறைத் தாண்டியிருந்தது. அதற்கு முன்பே தம் வழித்தோன்றல்களில் நூறு பேருக்கும் மேல் தம் கண்முன்னால் அடக்கம் செய்துவிட்டார்கள் என்று புகாரியில் வருகிறது. பெருக்கமும் பிரிவும் சேர்ந்தே வந்தன!

வாழ்வாதாரம் விரிய வேண்டும், ஆயுள் நீள வேண்டும் என்று விரும்புகிறவர் தம் உறவைச் சேர்த்து வாழட்டும் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை நமக்கு அறிவித்த தோழர்களுள் இதே அனஸ் (ரலி) அவர்களும் ஒருவர்! இந்த ஹதீஸுக்கு விளக்கம் கூறிய இமாம்களில் சிலர், மறைந்த பின்னும் நற்பெயர் நிலைத்திருப்பதே ஆயுள் நீட்சி என்று உரை செய்திருக்கிறார்கள். ஜைனுலாப்தீன் அவர்களின் ஹயாத்து 102 ஆண்டோடு முடிந்தது. மகன் தம் பெயருக்கு முன்னால் சுமந்த எழுத்தில் அவர் இன்னும் பேசப்படுகிறார்.

இனிஷியலில் இடம் பெறாதவர்கள்

ஏ.பி.ஜே. என்ற மூன்று எழுத்திலும் ஒரு பெண்மணி கூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா, சகோதரிகளே? ஆனால் அவ்வீட்டில் நாள்தோறும் உண்டவர்களில் குடும்பத்தாரை விட வெளியார் அதிகம் என்று கலாம் எழுதுகிறார். அத்தனை பேருக்கும் சமைத்துப் பரிமாறியவர் அன்னை ஆஷியம்மா. அவருடைய முன்னோர் ஒருவர் ஆங்கிலேயரிடம் 'பகதூர்' பட்டம் பெற்றவராம். தாய்வழி தந்தை வழியினும் உயர்ந்த குடும்பம் என்று மகனே சொல்கிறார். சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியான எம்.ஐ.டி.யில் சேர அன்றைக்குச் சுமார் 1,000 ரூபாய் தேவைப்பட்டது. சகோதரி சோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்! வானில் பறந்த ராக்கெட்டுகளுக்குக் கீழே ஒரு சகோதரியின் வளையல் இருக்கிறது.

மதரஸாவில் வாரிசுரிமைச் சட்டமாகிய ஃபராயிள் பாடம் நடத்தும்போது, மாணவர்களைத் தம் குடும்ப மரத்தை வரைந்து வரச் சொல்வதுண்டு. அத்தாவைப் பெற்றவர், அவரைப் பெற்றவர் என்று ஆண்களை எழுதுவார்கள். பெண்மக்கள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும்; அல்லது 'மகள் இருவர்' என்று பெயரில்லாமல் இருக்கும். பலர் நன்னியின் பெயரையே அறியாதிருப்பார்கள். "நன்னிமா என்றுதான் கூப்பிடுவோம், உஸ்தாத்" என்பார்கள்.

இது வெறும் மறதி என்று விட்டுவிட முடியாது. ஃபராயிளில் 'முனாஸகா' என்றொரு பகுதி உண்டு. ஒருவர் மறைந்து சொத்து பிரிக்கப்படாமல் கிடக்கும்போதே அவருடைய வாரிசும் மறைந்தால், அந்த வாரிசின் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். கட்டிக் கொடுத்த அத்தையின் பெயரை மூன்றாம் தலைமுறை மறந்துவிட்டால், அவருடைய பங்கும் மறக்கப்படும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் விடுபட்ட ஒரு பெயர், மறுமையில் கேட்கப்படும் ஒரு ஹக்கு. குடும்ப மரம் வரைவது பொழுதுபோக்கு அன்று, அமானிதம்!

நம் வீட்டுப் பெரியவரைத் தேடுவது எப்படி?

உறவைச் சேர்த்து வாழப் பயன்படும் அளவுக்கு வமிசத்தை அறிந்து கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். ஹழ்ரத் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் குறைஷியரின் வமிசங்களை நன்கு கற்றறிந்தவர்களாக இருந்தார்கள். நாமும் சில எளிய வழிகளைக் கடைப்பிடிக்கலாம்.

முதலாவது, வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் கேட்பது. 'நீங்கள் பிறந்த வருடம் என்ன?' என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. காவிரியில் பெருவெள்ளம் வந்த 1924இல் பிறந்திருந்தீர்களா? பர்மாவிலிருந்து மக்கள் நடந்து வந்த 1942இல் உங்களுக்குத் திருமணம் ஆகியிருந்ததா? தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964இல் கைக்குழந்தை யார்? திருச்சிக்குள் வெள்ளம் புகுந்த 1977இல் எந்தத் தெருவில் குடியிருந்தீர்கள்? இப்படிக் கேட்டுப் பாருங்கள். ஆண்டு தானாகக் கிடைக்கும். இன்று நூறை ஒட்டியவர்களுக்கு 1942, எண்பதை ஒட்டியவர்களுக்கு 1964 பொருந்தும்.

இரண்டாவது, பள்ளிவாசல். ஜமாஅத்தின் நிகாஹ் புத்தகத்தில் மணமக்கள் பெயரோடு தகப்பனார் பெயர், ஊர், மஹர், சாட்சிகள் ஆகியோரும் இருப்பார்கள். சாட்சியாகக் கையெழுத்திட்டவர் பெரும்பாலும் மாமனோ சாச்சாவோ ஆவார். பழைய புத்தகங்கள் செல்லரித்துக் கொண்டிருக்கும். அவற்றைப் படம் எடுத்து வைக்க ஜமாஅத்தார் முன்வந்தால் பெரும் நன்மை. இப்போது கைத்தொலைபேசி எல்லோரிடமும் இருக்கிறதே!

மூன்றாவது, பத்திரங்கள். கிரயமோ ஒத்தியோ, பழைய பத்திரங்களில் இன்னார் குமாரர் இன்னார் என்று எழுதியிருப்பார்கள். நான்கெல்லை சொல்லும் இடத்தில் அண்டை நிலத்துக்காரரின் பெயர் இருக்கும். அவர் சகோதரராகவே இருக்கக் கூடும். வீட்டில் பத்திரம் இல்லையெனில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் நகலும் கேட்கலாம். வக்ஃபு சாசனம் எழுதிய குடும்பமாயின் முத்தவல்லிகளின் வரிசையே ஒரு வமிச வரலாறு. பிறப்பு, இறப்புப் பதிவு நாடு முழுவதற்கும் ஒரே சட்டமாக வந்தது 1969இல்தான். அதற்கு முன் பிறந்த கிராமத்துப் பெரியவர்களுக்கு இத்தகைய ஆவணங்களே துணை.

கபருஸ்தானில் மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். மண்ணை மண்ணாக விடுவது நம் வழக்கம். சில ஆண்டுகளில் அதே இடத்தில் வேறொருவர் அடங்குவார். அதனால்தான் ஏட்டில் எழுதி வைப்பது நமக்கு இன்னும் அவசியமாகிறது.

இதன் தேவையை அண்மையில் எல்லோரும் உணர்ந்தோம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, முந்தைய திருத்தமான 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் தம் பெயரோ பெற்றோர், பாட்டனார் பெயரோ எங்கே இருக்கிறது என்று வீடுதோறும் தேடினார்கள். அத்தாவின் பெயர் ஓரிடத்தில் சாகுல் ஹமீது, வேறிடத்தில் ஷாஹுல், மற்றோரிடத்தில் வெறும் ஹமீது என்றிருந்தால் என்ன செய்வது? பெயரைப் பலவாறு எழுதுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் முழுப் பெயர், அழைக்கும் பெயர், பத்திரத்தில் உள்ள பெயர் என மூன்றையும் எழுதி வைத்துவிட்டால் பிள்ளைகள் அலைய வேண்டியதில்லை.

பெருமைக்கு அன்று

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். வமிசம் அறிவது வேறு. வமிசப் பெருமை பேசுவது வேறு. மனிதரைக் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் இறைவன் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்காகவே என்றும், இறையச்சமே மேன்மைக்கு அளவுகோல் என்றும் திருமறையின் 49ஆவது அத்தியாயம் கற்பிக்கிறது. யாருடைய செயல் அவரைப் பின்தங்க வைக்கிறதோ அவரை வமிசம் முன்னேற்றாது என்பது நபிமொழியின் கருத்து. எம் பாட்டனார் அரபுநாட்டிலிருந்து கப்பலில் வந்தவர் என்று கதை கட்டுவதும், உண்மையில் உழவராகவும் நெசவாளராகவும் தோல் பதனிட்டவராகவும் இருந்தவரை வெளியே சொல்ல நாணுவதும் வேண்டா. ஜைனுலாப்தீன் தோளில் தேங்காய் சுமந்ததை மகன் மறைக்கவில்லை, உலகறிய எழுதினார். அந்த எழுத்தால் தந்தை உயர்ந்தாரே அன்றித் தாழவில்லை.

மற்றொன்று. முதுமையின் கடைசிப் படியில், அறிந்தவற்றையெல்லாம் மறந்துவிடும் நிலைக்குச் சிலர் கொண்டு செல்லப்படுவர் என்று திருமறை இரண்டு இடங்களில் நினைவூட்டுகிறது. அந்த நிலையை விட்டு அண்ணலார் பாதுகாவல் தேடியிருக்கிறார்கள். ஆகவே கேட்க வேண்டியதை இன்றே கேட்டுவிடுங்கள். நன்னாவுக்கு நினைவு தெளிவாக இருப்பது அசருக்குப் பிறகா, சுபுஹுக்குப் பிறகா என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அருகே உட்காருங்கள். கேள்வி கேட்பதற்கு முன் அவர் காலைப் பிடித்து விடுங்கள். உறவு முறிந்து போன சாச்சா வீட்டைப் பற்றி அவர் சொன்னால், எழுதிக் கொள்வதோடு நிறுத்தாமல், வரும் ஜும்ஆவுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் சலாம் சொல்லி வாருங்கள். குடும்ப மரம் வரைந்ததன் பலன் அதுதான்.

எல்லாம் வல்ல அல்லாஹ், நம் பெரியவர்களில் மறைந்தோரின் கபுருகளைப் பிரகாசமாக்குவானாக! இருப்போருக்கு நற்செயலோடு கூடிய நீண்ட ஹயாத்தைத் தந்தருள்வானாக! நம்மையும் உறவைச் சேர்த்து வாழும் நல்லடியார்களாக ஆக்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.